முள்ளும் கோலும்

தமிழ்த்துறை மலரில் பெட்ரோல் முள்ளுக்கு என்ன வேலை என்று மாணவச் செல்வங்கள் வியக்கக்கூடும். சங்க இலக்கியமும் இசுலாமியத் தமிழ் இலக்கியமும் அணிசெய்ய வேண்டிய ஏட்டில் பழைய ஜீப் ஒன்று வந்து நிற்பது முறையோ என்று சான்றோர் கருதவும் கூடும். மலருக்குக் கட்டுரை தருமாறு துறையினர் அன்புடன் பணித்தபோது யாமும் முதலில் இலக்கியம் ஒன்றையே எழுத எண்ணினோம். ஆயினும், அண்மையில் ஒரு பழுதை ஆராயப் புகுந்து, அதன்வழி எம் குடும்பத்தின் பழைய கடன் ஒன்றைக் கண்டறிந்தோம். அதனை எழுதாமல் வேறொன்றை எழுத மனம் இசையவில்லை.

அத்தாவின் ஊர்தி

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தோர்க்கு ஜீப் என்பது அயல்நாட்டுப் பொருள் அன்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளின் வழியே ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் தொழிலாளரை ஏற்றிச் சென்று மாலையில் இறக்கிவிடும் ஊர்தி அது. எம் தந்தையார் ஏலக்காய் வணிகர். மலைத்தோட்டங்களில் காயை வாங்கிப் போடிநாயக்கனூருக்குக் கொண்டுவருவது அவர் தொழில். அத்தொழிலுக்குத் துணையாக அவர் வாங்கியது சி.ஜே.3பி வகையைச் சேர்ந்த பழைய பெட்ரோல் ஜீப்.

இவ்வகை ஊர்தியை அமெரிக்க வில்லிஸ் நிறுவனம் 1953-ஆம் ஆண்டு வெளியிட்டது. பின்னர் மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவில் இதனை உருவாக்கியது. இதில் அமைந்த 'ஹரிக்கேன்' என்ஜின் முந்தைய என்ஜினைவிட உயரமானது. அதனை மூடுவதற்காக முன்மூடியையும் உயர்த்த நேர்ந்தது. நெற்றி உயர்ந்த இதன் தோற்றத்துக்கு அதுவே காரணம். ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளும் பெட்ரோல் டேங்க் முன்னிருக்கையின் அடியில் இருக்கும். எரிபொருளின் மேலேயே அமர்ந்து செல்லும் மனிதர், அது எவ்வளவு இருக்கிறது என்பதை எதிரே உள்ள சிறு முள்ளைப் பார்த்தே அறிய வேண்டும்!

அத்தா அளவையில் மிகவும் கண்டிப்பானவர். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் தனி அத்தியாயமே இருக்கிறது என்பதை அடிக்கடி நினைவூட்டுவார். காயை நிறுக்கும்போது தராசின் நாவு நடுவில் அசைவற்று நிற்கும்வரை கையை எடுக்கமாட்டார். தோட்டக்காரருக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகப் போயினும் போகலாம், குறைந்துவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. அத்தகையவர்தாம் ஓர் அளவுகோலால் ஏமாந்தார்.

ஒரு காலைப்பொழுது

அந்த ஜீப்பைப் பல ஆண்டுகள் ஓட்டியவரை யாம் 'மாமா' என்றே அழைத்து வந்தோம். அவர் எம்மை 'மாப்பிள்ளை' என்பார். சமயம் வேறாயினும் உறவுமுறை சொல்லி அழைத்துக்கொள்வது எம் பள்ளத்தாக்கின் பழைய வழக்கம். மழைக்காலத்து இரவுகளில் மலைவளைவுகளில் அவர் ஓட்டிய ஓட்டத்தை நம்பியே எம் குடும்பத்தின் வணிகம் நடந்தது எனலாம்.

1984-ஆம் ஆண்டு மூத்த சகோதரியின் திருமணம் நடந்தது. அதனையொட்டி ஜீப்புக்குப் புதிதாக வெண்ணிறம் பூசப்பெற்றது. டேங்கைக் கழற்றி, அதற்கும் அது அமரும் தளத்துக்கும்கூடத் தனித்தனியே வண்ணம் பூசினார்கள். திருமணத்தன்று மணமக்களைச் சுமந்து வந்த ஊர்தியைக் கண்டு ஊரே வியந்தது.

அதன்பின் சில வாரங்களில் தொடங்கியது தொல்லை. மாலையில் பெட்ரோல் நிரப்பி வந்தபோது பாதிக்கு மேல் நின்ற முள், மறுநாள் காலையில் அடிக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. முதல்முறை அத்தா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை முகம் சுளித்தார். மூன்றாம் முறை, காலைத் தொழுகை முடித்து வந்தவர், தாழ்வாரத்தில் நின்றவாறே கேட்டார்: "எண்ணெய் எங்கே போயிற்று?"

"வண்டிக்குள்ளேதான் இருக்கு, முதலாளி" என்றார் மாமா.

"முள் அப்படிச் சொல்லவில்லையே!"

அதற்குமேல் உரையாடல் இல்லை. மாமா சாவியைத் திண்ணையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார். யாம் அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவர். கதவோரம் நின்று பார்த்தோம். ஒரு குச்சியை டேங்குக்குள் விட்டுப் பார்த்திருந்தால் உண்மை அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அங்கிருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எமக்கும்தான்.

வேறு ஓட்டுநர் வந்தார். சிறிது காலத்தில் அத்தா மூங்கில் கோல் ஒன்றைச் சீவி, கத்தியால் கோடுகள் கீறி, இருக்கையின் பின்னே செருகி வைத்தார். அதன்பின் அவர் முள்ளைப் பார்த்ததே இல்லை. கோலை விட்டு நனைந்த அளவைப் பார்த்தே புறப்படுவார். அதனைச் சிக்கனம் என்று எண்ணிக்கொண்டோம். மாமாவின் பேச்சு மட்டும் எம் வீட்டில் மீண்டும் எழவே இல்லை. 1999-ஆம் ஆண்டு அத்தா இறையடி சேர்ந்தார்.

முள்ளின் இயல்பு

அண்மையில் பணி ஓய்வுக்குப் பின், கொட்டகையில் கிடந்த ஜீப்பைச் சீர்செய்து ஓட்ட விரும்பினோம். என்ஜின் இணங்கியது, பிரேக்கும் இணங்கியது. முள் மட்டும் அடிக்கோட்டைவிட்டு எழ மறுத்தது. 'முள் அசையவில்லை, ஆகவே முள்தான் பழுது' என்று முடிவுகட்டி, பழைய உதிரிப்பொருள் கடையில் தேடி மற்றோர் அளவுமானி வாங்கிப் பொருத்தினோம். அதுவும் அவ்வாறே படுத்துக் கிடந்தது! எம் அவசரத்தைக் கண்டு ஆட்டோ எலக்ட்ரீசியனாகிய இளைஞர் ஒருவர் புன்னகைத்தார். "சார், நீங்க காட்டுறதை மாத்திட்டீங்க, சொல்றதைப் பாக்கவே இல்லையே" என்றார். அன்றுமுதல் அவர் ஆசிரியர், யாம் மாணவர்.

அவர் கற்பித்ததைச் சுருங்க உரைப்போம். டேங்கினுள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோலின் மட்டத்தோடு அது ஏறும், இறங்கும். மிதவையைத் தாங்கும் கை, மேலே உள்ள மின்தடைச் சுருளின்மீது ஒரு தொடுமுனையை நகர்த்தும். மட்டம் மாறினால் மின்தடை மாறும். மின்தடை மாறினால் மின்னோட்டம் மாறும். அம்மாற்றத்தையே முள் காட்டுகிறது. ஆக, முள் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. மிதவை சொன்னதைக் கம்பியின்வழிக் கேட்டு, அதனையே நமக்குச் சொல்கிறது.

பழைய ஊர்திகளில் இருவகை அளவுமானிகள் உண்டு. ஒன்றில் இரு கம்பிச்சுருள்கள் காந்தவிசையால் முள்ளை இழுக்கும். அதன் முள் விரைந்து துள்ளும். மற்றதில், மின்னோட்டத்தால் சூடேறும் ஈருலோகப் பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். அது மெல்ல நகரும். மலைப்பாதையில் பெட்ரோல் அலம்பினாலும் அலைபாயாது. எம் ஜீப்பில் இருந்தது இரண்டாம் வகை. மின்னோட்டம் மிகுந்தால் முள் நிறைவைக் காட்டும், மின்னோட்டம் அற்றால் வெறுமையைக் காட்டும்.

இங்கே நினைவில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எந்த மின்சாரமும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். ஊர்தியில் திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி போடுவதில்லை. இரும்பு உடலே அவ்வழி. பட்டறைகளில் இதனை 'எர்த்' என்பர். டேங்க் உடலோடு நன்கு தொட்டுக்கொண்டிருந்தால்தான் மிதவையின் சொல் முள்ளை எட்டும்.

ஆராய்ந்த முறை

முதலாவது, கோல். பெட்ரோல் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தூய மரக்கோலால் அளந்து தெரிந்துகொண்ட பின்பே ஆராய்ச்சி தொடங்க வேண்டும். மெய்யளவு தெரியாதவன் பொய்யளவைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

இரண்டாவது, அளவுமானிக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தல். சாவியைத் திருப்பியதும் சோதனை விளக்கு எரிந்தது. ஆகவே அங்குக் குறையில்லை.

மூன்றாவது சோதனை நுட்பமானது. டேங்கின் மீதுள்ள மிதவைக் கருவியிலிருந்து கம்பியைக் கழற்றி, ஊர்தியின் உடலோடு இணைத்துச் சில நொடிகள் மட்டும் முள்ளைப் பார்த்தல். இதில் விழிப்பு வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்குமிடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். டேங்கின் வாய் மூடியிருக்க வேண்டும். கம்பியைத் தொலைவில் இணைத்துவிட்டுப் பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும். அவ்வாறே செய்தோம். உறங்கிய முள் மெல்ல எழுந்து நிறைவுக்கோட்டை நோக்கி நகர்ந்தது! அளவுமானியும் கம்பியும் நலம் என்பது தெளிவாயிற்று. யாம் காசு கொடுத்து மாற்றியது பழுதே இல்லாத பொருளை. மற்ற வகை அளவுமானி சிலவற்றில் இதே சோதனையில் முள் வெறுமையை நோக்கிச் செல்லும். எவ்வகை என்பதை அறியாமல் தீர்ப்புக் கூறலாகாது.

நான்காவது, மிதவைக் கருவி. டேங்கை வடித்துக் கழற்றிக் கழுவினோம். கருவியை வெளியே எடுத்தபோது அதன் கை, பழைய பெட்ரோலின் பிசினால் இறுகியிருந்தது. அதனைத் துடைத்து விடுவித்தோம். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தோம். உள்ளே பெட்ரோல் புகுந்த ஓசை இல்லை. மல்டிமீட்டரை இணைத்துக் கையை மெல்ல உயர்த்த, மின்தடை தாவாமல் சீராக மாறியது. மேசையில் வைத்து, அளவுமானியோடும் உடலோடும் கம்பி கொடுத்து இயக்கியபோது, மிதவை ஏற முள்ளும் ஏறியது. குறையனைத்தும் நீங்கியது என மகிழ்ந்தோம். டேங்கில் பொருத்தி, டேங்கை அதன் இடத்தில் இறுக்கி, பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினோம். முள் அசையவில்லை.

வெளியே பேசிய கருவி உள்ளே போனதும் ஊமையானது ஏன்? இளைஞர் ஒரு கணம் எண்ணினார். நீண்ட கம்பி ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை மிதவைக் கருவியின் உலோக விளிம்பிலும் மறுமுனையை ஊர்தியின் சட்டத்திலும் இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முள் எழுந்தது. கோல் காட்டிய அளவில் வந்து நின்றது.

வண்ணத்தின் அடியில்

"எர்த் இல்லை சார்" என்று கூறி, அவர் டேங்கை மீண்டும் கழற்றினார். டேங்கின் காதுகளிலும் அவை அமரும் தளத்திலும் உப்புத்தாளால் தேய்த்தார். பிற்காலத்துப் பச்சை உதிர்ந்தது. அதன்கீழ் வெண்ணிறம் தெரிந்தது. திருமணத்துக்குப் பூசிய அதே வெண்மை! கனமாக, தோல்போல, உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் அது கிடந்திருக்கிறது. போல்ட்டின் மரைகள் வழியே முன்பு சிறிது தொடர்பு கிடைத்திருக்கும். ஊர்தி குலுங்கியபோதெல்லாம் அது கூடியும் குறைந்தும் வந்திருக்கும். கூடிய மாலையில் முள் உயர்ந்தது. குறைந்த காலையில் தாழ்ந்தது. துரு ஏறிய பின் தொடர்பு அடியோடு அற்றது.

பெட்ரோல் எங்கும் போகவில்லை. அது வண்டிக்குள்ளேயே இருந்தது. மாமா சொன்னது போலவே.

உப்புத்தாளின் ஓசை நின்ற பின்னும் யாம் நெடுநேரம் அங்கேயே நின்றோம். இதனை முழுச்சான்றாகக் கொள்ள முடியாது என்று அறிவு வாதிட்டது. ஆனால் அத்தாவின் மூங்கில் கோல் கண்முன் வந்து நின்றது. புதிய ஓட்டுநர் வந்த பின்னும் முள் அவ்வாறே தாழ்ந்திருக்க வேண்டும். அத்தா கோலைச் சீவியது சிக்கனத்துக்காக அன்று. உண்மை அவருக்குத் தெரிந்திருக்கிறது! தராசின் நாவு நடுவில் நிற்கும்வரை காத்திருந்த மனிதர், அந்த ஒரு காலையில் மட்டும் காத்திருக்கவில்லை. பின்னர் அறிந்தபோது சொல்ல நா எழவில்லை.

இறைவனுக்குச் செய்த குறைகளை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குறையை அம்மனிதனே மன்னிக்க வேண்டும் என்று சிறுவயதில் மதரசாவில் கற்றோம். ஹக்குல் இபாத் என்னும் இக்கடன் தந்தையின் கணக்கில் இருக்குமாயின், அதனைத் தீர்க்க முயல்வது மகன்மேல் கடமையன்றோ?

கம்பம் சென்றது

விசாரித்தபோது, மாமா கம்பத்தை அடுத்த சிற்றூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. ஜீப்பிலேயே சென்றோம். எண்பதைக் கடந்த முதியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். ஊர்தியின் ஓசை கேட்டே எழுந்து நின்றார். யாம் நடந்தது அனைத்தையும் கூறினோம். வெண்ணிறத்தையும், எர்த்தையும், கோலையும் கூறினோம். "அத்தாவுக்காக நான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன், மாமா" என்றோம்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், "முள்ளுக்கு என்ன தெரியும், மாப்ளே? முதலாளி முள்ளைக் கேட்டாரு. என்னையக் கேட்டிருந்தா ஒரு குச்சியை விட்டுக் காமிச்சிருப்பேன்" என்றார்.

சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "ஒரு நோன்புப் பெருநாளைக்கு உங்க அத்தா இங்க வந்தாரு. இதே திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சாரு. பிள்ளைக படிப்பை விசாரிச்சாரு. எந்திரிக்கும்போது எங் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு. ஒண்ணும் பேசல. நானும் பேசல. அன்னைக்கே மனசுல இருந்ததை விட்டுட்டேன். ஆனாலும் வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர்ல நாலு பேரு என்னைத் திருடன்னுதானே நெனச்சாக! இன்னைக்கு நீங்க சொல்லிட்டீக. எம் மகன் காதுல விழுந்துச்சுல்ல, அது போதும்."

கதவோரம் நின்ற அவர் மகன் தலைகுனிந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொல்லின் அருமை எமக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளத்தில் வருந்துவது வருந்துவோர்க்கு ஆறுதல் தரலாம். பழி சுமந்தவரின் பிள்ளைகளுக்கு அது எட்டுவதில்லை.

புறப்படும்போது மாமா ஜீப்பின் அருகே வந்தார். இருக்கையைத் தடவிப் பார்த்தார். முள்ளைக் குனிந்து நோக்கினார். அது பாதிக்கு மேல் நின்றது. "சரியாக் காட்டுதா?" என்றார். ஆம் என்றோம். "இருந்தாலும் குச்சி வச்சிருக்கீகளா?" என்று கேட்டார். அத்தாவின் மூங்கில் கோலை எடுத்துக் கொடுத்தோம். அவரே விட்டுப் பார்த்தார். நனைந்த கோட்டையும் முள்ளையும் ஒப்பிட்டுத் தலையசைத்தார்.

நிறைவாக

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியிருக்கிறோம். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரிடம் ஐயம் கொள்வதும் தீராத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளின் கருத்து. அவை இரண்டு வெவ்வேறு பிழைகள் என்றே விளக்கி வந்தோம். எம் வீட்டில் அவை ஒரே காலையில், ஒரே செயலில் நிகழ்ந்தன. ஆராயாத முள்ளை நம்பினோம். பல ஆண்டுகள் ஆராய்ந்து தெளிந்த மனிதரை ஐயுற்றோம். ஊகத்தின் தீமையை எச்சரிக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும் பணிக்கிறது. அறிவுரைக்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் குறைவிருந்ததில்லை. அந்த நேரத்தில் ஒரு குச்சியை எடுக்கும் பொறுமைதான் இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் காலத்தில் முட்கள் பெருகிவிட்டன. மதிப்பெண்ணும் தரப்பட்டியலும் கணிப்பொறி காட்டும் எண்களும் ஒவ்வொரு மனிதரைப் பற்றியும் ஏதேனும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை வெறுக்க வேண்டா, அவற்றால் பயன் உண்டு. ஆனால், ஒரு மனிதரின் நேர்மைமீது தீர்ப்புக் கூறும் நேரம் வருமாயின், முள்ளை மட்டும் கேளாதீர்கள். அம்மனிதரையும் கேளுங்கள். கோலை விட்டுப் பாருங்கள். தவறிவிட்டோம் என்று பின்னர் தெரியவந்தால், அதனை வாயால், நாலு பேர் கேட்கச் சொல்லிவிடுங்கள். அதற்கு நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.